பத்தாவது வரி

நரின் நகரத்துப் பள்ளியில்
உடற்பயிற்சி அறையை மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கினோம்.
கூடைப்பந்துக் கம்பத்தில் எழுத்துப் பலகை.
அங்கிருந்து ஐந்து மீட்டரில் சுண்ணாம்புக் கோடு.
எந்தச் சோதனை எவ்வளவு உண்மை சொல்கிறது
என்று பார்ப்பதுதான் வேலை.
நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆறு பத்திகள்,
ஏழாவதாகக் 'குறிப்பு'.
அதில்தான் இடம் போதவில்லை.

முதல் ஆள் ஷெரிம்பெக். லாரி ஓட்டுகிறார்.
உரிமம் புதுப்பிக்க அவருக்கு ஒரு முத்திரை வேண்டும்.
பலகையின் விளக்கை நான் இன்னும் போடவில்லை,
பத்தாவது வரியை ஒப்பித்துவிட்டார்:
ந, க, இ, ப, ம, ஷ…
மூச்சு விடாமல், வாய்ப்பாடு மாதிரி.
ராணுவத்தில் சேரும்போது ஒரு தடவை,
சுரங்கத்தில் சேரும்போது ஒரு தடவை,
வாழ்நாள் முழுக்க அதே பலகை.
கண் மறந்தாலும் நாக்கு மறக்காது.

வளையங்களுக்கு மாற்றினேன்.
ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்ன வாய்.
மேலா, கீழா, இடமா, வலமா?
ஐந்தாவது வரியில் நின்றுவிட்டார்.
"தோலோன் கணவாயில் வளையமா தொங்குது?
பனி இருக்கும். எதிரே வர்றவன் விளக்கு இருக்கும்."
சரிதான்.
பனிக்கும் எதிர்விளக்குக்கும் என்னிடம் பலகை கிடையாது.
எழுத்தில் ஒன்று, வளையத்தில் அரை.
இரண்டையும் எழுதினேன். முத்திரை குத்தவில்லை.
கோபத்தில் கதவைத் தள்ளிக்கொண்டே நின்றார்.
அது இழுக்கிற கதவு.

அரூகேக்கு நாலரை வயது. எழுத்து தெரியாது.
படப் பலகை எடுத்தேன்:
வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம்.
வீட்டைக் கடை என்றாள்.
ஆப்பிளைக் காட்டினால்
'குண்டி' என்று சொல்லிவிட்டுத் தன் கைக்குள்ளேயே சிரித்தாள்.
விதிப்படி தவறு.
ஆனால் கண் பார்த்துவிட்டதே,
அந்த நடுக்கோட்டைக் கூட.
அதோடு, மொத்தமே நாலு படம்.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும்
நாலில் ஒன்று பலித்துவிடும்.

"இதெல்லாம் ரொட்டி. எலி எந்தப் பக்கம் கடிச்சிருக்கு?"
வளையங்களைப் பார்த்துக் கையை நீட்டினாள்,
மேலே, வலது, வலது, கீழே.
எட்டாவது வரியில் எழுந்துவிட்டாள்.
எலிக்கு வயிறு நிறைந்துவிட்டதாம்.
எட்டு என்பது அவள் பார்வையா, அவள் சலிப்பா?

பிறகு இயந்திரம்.
உள்ளே ஒரு நீளச் சாலை, சாலை முடிவில் ஒரு பலூன்.
முகவாயை வைத்தாள். அச்சிட்ட சீட்டு வந்தது:
கழித்தல் ஒன்றே முக்கால்.
கண்ணாடி போடச் சொல்கிறது.
அம்மாவின் முகம் வாடிவிட்டது.

சொட்டு மருந்து விட்டோம். அழுதாள், உதைத்தாள்.
நாற்பது நிமிடம் கழித்து மறுபடி அதே சாலை, அதே பலூன்:
கூட்டல் கால்.
அதாவது, ஒன்றுமில்லை.
இயந்திரம் பொய் சொல்லவில்லை.
பிள்ளை அந்தப் பலூனைக்
கண்ணாலேயே கிட்டே இழுத்து வைத்திருந்திருக்கிறாள்.
மருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டது.
ஷெரிம்பெக் எதையும் இழுக்கவில்லை.
ஐம்பது தாண்டினால் கயிறே கிடையாது.
அவருக்கு இயந்திரமும் வளையமும் ஒரே பேச்சு,
நாக்கு மட்டும்தான் வேறு.

மூன்றாம் நாள் மாலை வதீம் கேட்டான்:
"நீயும் கோட்டில் நின்றால் நூற்றுப் பதின்மூன்று ஆகும்."
எங்கே நிற்பது?
பதினோரு வருடம் குச்சி பிடித்தவள் நான்.
எழுத்து மட்டுமா, வளையங்களின் வாய்கள் கூட
வரிசையாக எனக்கு மனப்பாடம்.

அரூகே அன்றும் வந்திருந்தாள், மறுபரிசோதனைக்கு.
விரிந்த கருமணிகள் கூசாமல் இருக்கத்
தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுப்
படியில் உட்கார்ந்திருந்தாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கச் சரிவைக் காட்டி,
என்னுடைய குரலிலேயே, கொஞ்சம் அலுப்போடு,
"அந்தக் குதிரை எந்தப் பக்கம் பார்க்குது?"

எந்தக் குதிரை?
காலையிலிருந்து அங்கே இருப்பது
ஒரு பழுப்புப் பாறை.

"இடது" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சற்று நேரத்தில்
பாறை வலப்பக்கமாக நடக்கத் தொடங்கியது.